தாத்தாவின் சைக்கிள் கடையும் ஸ்பானிஷ் இறந்தகாலமும்: சலமாங்கா நாட்குறிப்பு

நாள் 1, ஞாயிறு

மாட்ரிட் விமான நிலையத்திலிருந்தே சலமாங்காவுக்கு பஸ் கிடைத்தது. இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். குவாதர்ராமா மலையைத் தாண்டியதும் மேட்டுநிலம் விரிகிறது. அறுப்பு முடிந்த வயல்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்தாற்போல என்சீனா மரங்கள். கரிசல் காட்டில் உடைமரம் நிற்கிற அழகு அப்படியே இருந்தது. கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்த வெட்டவெளி அந்நியமாகத் தெரியாது.

ஊருக்குள் நுழையும்போது மாலை வெயில். சலமாங்காவின் பழைய கட்டடங்கள் எல்லாம் பக்கத்திலுள்ள வியாமயோர் கிராமத்துக் கல்லால் கட்டியவை. வெட்டியெடுக்கும்போது ஈரத்தோடு மெதுவாக இருக்கும் மணற்கல், காற்றுப் பட்டுக் காய்ந்தால் இறுகிவிடும். கல்லில் உள்ள இரும்புச்சத்து நாளாக ஆகப் பொன்னிறம் கொடுக்கும். ஊரே மஞ்சள் பூசிக் குளித்தமாதிரி இருந்தது.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். இன்றைக்கு என்ன செய்கிறேன், நாளைக்கு என்ன செய்வேன் என்பதெல்லாம் தடுமாறாமல் வரும். நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லப் போனால் வாய் நின்றுவிடும். ஸ்பானிஷில் இறந்தகாலம் ஒன்றல்ல, பேச்சில் ஓயாமல் புழங்குவதே நான்கு. எந்த இடத்தில் எது என்று யோசிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். ஒரு மொழியில் கடந்துபோனதைச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த மொழியில் எனக்கு ஊரும் இல்லை, குடும்பமும் இல்லை. அதற்காகத்தான் விடுப்பு எடுத்து, இரண்டு வார வகுப்பும் ஒரு வீட்டில் தங்கலும் ஏற்பாடு செய்துகொண்டு வந்தேன்.

தங்கியிருக்கும் வீட்டு அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கதவைத் திறந்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "ஆஸ் கொமீதோ?" சாப்பிட்டாயா? மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. "ஸி, கொமீ என் எல் அவுதோபூஸ்" என்றேன். ஆமாம், பஸ்ஸில் சாப்பிட்டேன். அவர் தலையாட்டி, "ஆ, ஆஸ் கொமீதோ" என்று அழுத்திச் சொல்லிவிட்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டார். குழந்தை தப்பாகச் சொன்னதை அம்மா சரியாகத் திருப்பிச் சொல்வாளே, அப்படி.

அப்புறம்தான் உறைத்தது. இங்கே இன்றைய நாளுக்குள் நடந்ததற்கு 'ஏ கொமீதோ'. நேற்றோ அதற்கு முன்போ நடந்திருந்தால் 'கொமீ'. எனக்கு இணையத்தில் பாடம் எடுத்தவர் கொலம்பியாக்காரர். லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் காலையில் சாப்பிட்டதற்கும் 'கொமீ'தான். ஸ்பெயினுக்குள்ளேயே வடமேற்கே கலீசியா, அஸ்தூரியாஸ் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஆக நான் சொன்னது தப்பில்லை, வேறு ஊர்ப் பேச்சு.

நாள் 2, திங்கள்

வகுப்பில் ஆறு பேர். கொரியாவிலிருந்து ஒரு கல்லூரிப் பெண், பிரேசிலிலிருந்து ஒரு செவிலியர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஜெர்மானியர் ஒருவர், இன்னும் இரண்டு பேர், நான். பிரேசில் பெண்ணுக்குப் போர்ச்சுகீசியம் தாய்மொழி. இதே பாகுபாடு அவருடைய மொழியிலும் இருப்பதால் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியை பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். ஒரு பக்கம் இந்தெஃபினீதோ: முடிந்துபோன செயல். மறுபக்கம் இம்பெர்ஃபெக்தோ: அப்போது நடந்துகொண்டிருந்தது, வழக்கமாக நடந்தது, இருந்த நிலை. அயேர் என்றால் நேற்று, அனோச்சே என்றால் நேற்றிரவு. இப்படிப்பட்ட சொற்கள் வந்தால் இந்தெஃபினீதோ போடுங்கள் என்றார். சியெம்ப்ரே, அதாவது எப்போதும், 'சின்ன வயதில்', 'தினமும்' போன்றவை வந்தால் இம்பெர்ஃபெக்தோ. எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

வடிவத்தைப் பொறுத்தவரை இம்பெர்ஃபெக்தோ சாது. வினை எதுவாக இருந்தாலும் 'ஆபா' அல்லது 'ஈயா' என்று முடியும். விதிக்கு அடங்காதவை மொழி முழுவதிலும் மூன்றே வினைகள்: எரா, இபா, பெயீயா. இந்தெஃபினீதோ பெரிய காடு. தூபே, எஸ்தூபே, சூப்பே, கீஸே, தீஹே, த்ராஹே என்று ஒவ்வொன்றையும் நெட்டுருப் போட வேண்டும். 'நான் இருந்தேன்' என்பதற்கும் 'நான் போனேன்' என்பதற்கும் ஃபுயி என்று ஒரே சொல்.

அழுத்தம் அதைவிடக் கஷ்டம். ஆப்லோ என்று முதல் எழுத்தை அழுத்தினால் 'பேசுகிறேன்'. அதே ஆப்லோவில் கடைசி எழுத்தை அழுத்தினால் 'பேசினார்'. தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை, அதனால் காது அதைப் பிடிக்கப் பழகவில்லை. ராத்திரி அறைக்கு வந்து, கையால் தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்தில் தட்டு, நான், இப்போது. கடைசி எழுத்தில் தட்டு, அவர், அப்போது. நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

நாள் 3, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

இங்கே இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. சலமாங்காவுக்கு வடக்கே லா அர்மூன்யா என்ற பகுதியில் விளைகிற பருப்பு. தட்டையாக, நம் மைசூர்ப் பருப்பைவிடப் பெரிதாக, தோலோடு பச்சையும் பழுப்புமாக இருக்கும். கேரட், பூண்டு, பிரியாணி இலை, மிளகாய்த் தூள் நிறத்தில் பிமெந்தோன் எல்லாம் போட்டு மெதுவாக வேகவைப்பார்கள். நான் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று வீட்டு அம்மா பேச்சுவாக்கில் கேட்டார்.

எனக்கு உற்சாகம். தாத்தாவைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். என்னிடம் இருந்த சொற்களை வைத்து ஆரம்பித்தேன். என் தாத்தா சைக்கிள் அர்ரெக்லோ. கடையை ஆறு மணிக்கு அப்ரியோ. ரேடியோ எஸ்குச்சோ. கடைசி எழுத்தில் அழுத்தம் எல்லாம் சுத்தமாக வந்தது.

அந்த அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு, "என்றைக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. தினமும்தான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருத்தினார்: அர்ரெக்லாபா. அப்ரீயா. எஸ்குச்சாபா. நான் சொன்னதைக் கேட்டபோது, உன் தாத்தா ஏதோ ஒரு நாள் கடையைத் திறந்து, ஒரு சைக்கிளைப் பழுதுபார்த்து, ரேடியோ கேட்டுவிட்டு, அதோடு கதையை முடித்துக்கொண்டார் என்பதுபோல் இருந்தது என்றார்.

அந்த நிமிஷம்தான் தமிழில் யோசித்துப் பார்த்தேன். இதை என் தங்கையிடம் எப்படிச் சொல்வேன்? "தாத்தா ஆறு மணிக்குக் கடையைத் திறப்பார். ரேடியோவைப் போடுவார். டியூபைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி, முட்டை விடுகிற இடத்தைப் பார்ப்பார். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பார். சொல்யூஷன் தடவி, ஊதி, காய விட்டு ஒட்டுவார்." இப்படித்தான் சொல்வேன். திறந்தார், போட்டார், ஒட்டினார் என்று சொன்னால் அது ஒரு நாளின் கதை. திறப்பார், போடுவார், ஒட்டுவார் என்றால்தான் அவருடைய வாழ்க்கை.

பள்ளிக்கூடத்தில் என்ன படித்தோம்? 'ப்', 'வ்' எதிர்கால இடைநிலை. திறப்பார், போடுவார் எல்லாம் எதிர்காலம். தேர்வில் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். தாத்தா போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ஆனாலும் வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் இந்த 'வார்' தான் வருகிறது. பாட்டி கதை சொல்வாள், சித்தப்பா சினிமாவுக்குக் கூட்டிப்போவார், கோடை விடுமுறையில் கிணற்றில் குதிப்போம். நம்முடைய பழைய நினைவு முழுக்க இந்த வடிவத்தில்தான் இருக்கிறது, அதை நாம் கவனிப்பதே இல்லை.

நான் மாட்டிக்கொண்ட இடமும் தெரிந்தது. என் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் தோன்றுவதை ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஸ்பானிஷுக்குப் போய்க்கொண்டிருந்தேன். 'திறப்பார்', 'திறந்தார்' இரண்டும் ஆங்கிலத்துக்குள் போனதும் பெரும்பாலும் ஒரே சொல்லாகிவிடும். வழக்கத்தைச் சொல்லத் தனி அமைப்பு அங்கேயும் உண்டு, ஆனால் அதைப் போடாமலே ஒப்பேற்றலாம். என் கையில் இருந்த வித்தியாசத்தை நடுவழியில் நானே கரைத்துவிட்டு, ஸ்பானிஷ் வாசலில் போய் எதைப் போடுவது என்று முழித்திருக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் நோட்டை எடுத்து எழுதினேன். திறந்தார் என்றால் இந்தெஃபினீதோ. திறப்பார், திறந்துகொண்டிருந்தார் இரண்டுமே இம்பெர்ஃபெக்தோ. ஸ்பானிஷில் ஒன்றாக இருப்பது தமிழில் இரண்டு. நம்முடையது இன்னும் நுணுக்கமானது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

நாள் 4, புதன்

வகுப்பில் எண்ணிக்கை வந்தால் என்ன செய்வது என்று பயிற்சி. 'மூன்று முறை போனேன்', 'நான்கு வருஷம் இருந்தேன்'. நீண்ட காலமாக நடந்தது இம்பெர்ஃபெக்தோதானே என்று கொரியப் பெண் கேட்டார். இல்லை, அளவு சொல்லிவிட்டால் மூடிவிட்டீர்கள் என்று பொருள் என்றார் ஆசிரியை. தமிழில் சோதித்தேன். "மூன்று முறை மதுரைக்குப் போவேன்" என்று பழையதைச் சொல்ல முடியாது, 'போனேன்' தான். "அப்போதெல்லாம் மதுரைக்குப் போவேன்" சரி. கணக்குப் போட்டால் 'னேன்', போடாவிட்டால் 'வேன்'. முதல் தடவையாக ஒரு பயிற்சித்தாள் முழுக்கத் தப்பில்லாமல் வந்தது.

மதியம் பல்கலைக்கழகத்தின் முகப்பைப் பார்க்கப் போனேன். 1218-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். கல்லில் நெய்த பட்டுப்போல அவ்வளவு வேலைப்பாடு. ஒரு மண்டையோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் தவளையைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். யாரும் காட்டிக் கொடுக்காமல் கண்டுபிடிக்கிற மாணவர் தேர்வில் தேறுவார் என்பது ஊர் நம்பிக்கை. எனக்குக் கால்மணி நேரம் ஆனது.

என் மனசு வேறொருவர்மேல் இருந்தது. அந்தோனியோ தெ நெப்ரிஹா இங்கே படித்தவர், இங்கேயே பாடம் நடத்தியவர். காஸ்தீய மொழிக்கு, அதாவது இன்றைய ஸ்பானிஷுக்கு, முதல் அச்சு இலக்கணம் அவர் எழுதியது. 1492 ஆகஸ்ட் 18-ல் இதே சலமாங்காவில் அச்சாகி வந்தது. அதற்குப் பதினைந்து நாள் முன்பு, ஆகஸ்ட் 3-ல், கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டிருந்தார். ஆசிரியை இதையே வாக்கியமாக்கச் சொன்னார்: கொலோன், அதாவது கொலம்பஸ், வழியில் இருந்தார், இபா தே கமீனோ, நெப்ரிஹா இலக்கணத்தை வெளியிட்டார், புப்லிகோ. ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது, அதன் நடுவே இன்னொன்று சட்டென்று நடந்து முடிகிறது.

நெப்ரிஹா காலங்களுக்கு வைத்த பெயர்கள் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. இந்தெஃபினீதோ, இம்பெர்ஃபெக்தோ என்று மிரட்டாமல் வீட்டுச் சொல்லால் சொல்கிறார். பசாதோ அகபாதோ, முடிந்த இறந்தகாலம். பசாதோ நோ அகபாதோ, முடியாத இறந்தகாலம். மூன்றாவதாக பசாதோ மாஸ் கே அகபாதோ, முடிந்ததற்கும் மேலே முடிந்தது. 'நான் போனபோது பஸ் போயிருந்தது' என்கிறோமே, அந்தப் 'போயிருந்தது'. முடியாத இறந்தகாலம் என்ற இரண்டு சொல் போதும், வேறு விளக்கமே வேண்டாம்.

வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்திரெஸ் பெயோ 19-ஆம் நூற்றாண்டில் இதே வடிவத்துக்கு கோப்ரெதேரிதோ என்று பெயர் வைத்தார். இன்னொரு இறந்தகாலத்தோடு கூடவே நிற்பது என்று பொருள். மெக்சிகோப் பள்ளிகளில் இன்றும் இந்தப் பெயர்தான்.

நாள் 5, வியாழன்

நாள் முழுக்க மழை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன். 'சபீயா' என்றால் எனக்கு அப்போதே தெரியும். 'சூப்பே' என்றால் அந்த நேரத்தில்தான் தெரிய வந்தது. ஜெர்மானியர் இதில் அரை மணி நேரம் திணறினார், ஒரே வினை எப்படி இரண்டு பொருள் தரும் என்று. எனக்குத் திணறல் இல்லை. 'எனக்குத் தெரியும்', 'எனக்குத் தெரிந்தது' என்று மாற்றிப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. இடைவேளையில் இதை ஆசிரியையிடம் சொன்னேன். இரண்டையும் பலகையில் தமிழ் எழுத்திலேயே எழுதச் சொல்லிப் பார்த்து, தன் நோட்டிலும் வரைந்துகொண்டார்.

நாள் 7, சனி

தனியாக ஆவிலாவுக்குப் போனேன். ஊரைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டர் கோட்டைச் சுவர், ஒன்பது வாசல். மேலே ஏறி நடக்கலாம். காற்று காதைக் கிழித்தது. கீழே இறங்கி ஒரு கடையில் சூடாகக் காபி வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கையில் பை இல்லை என்று தெரிந்தது. வந்த பஸ்ஸிலேயே விட்டிருக்கிறேன். காசும் பாஸ்போர்ட்டும் சட்டைக்குள் இருந்தன. பையில் இருந்தது வகுப்பு நோட்டு. தாத்தாவைப் பற்றி எழுதிய பக்கமும் அதில்தான்.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "கோமோ எரா?" எப்படி இருந்தது?

எனக்குப் பதற்றம்தான். ஆனால் வாய் நிற்கவில்லை. துணிப் பை. மஞ்சள் நிறம், எரா அமரீயா. இரண்டு காது இருந்தது, தெனீயா. வெளியே என் மொழியில் எழுத்து இருந்தது, உள்ளே ஒரு நோட்டு இருந்தது, அபீயா. இருக்கைக்குக் கீழே இருந்தது, எஸ்தாபா. காலையில் இறங்கும்போது விட்டுவிட்டேன். ஊரில் துணிக்கடையில் கொடுத்த மஞ்சப்பைதான். அதை ஸ்பானிஷில் இத்தனை வாக்கியத்தில் வர்ணிப்பேன் என்று நினைத்ததே இல்லை.

கடைசி வாக்கியத்தில் தடுமாறினேன். காலையில் விட்டது இன்றைக்கு நடந்ததுதானே? அப்படியானால் 'ஏ தெஹாதோ' தான் வர வேண்டும். திருத்திச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

பை இன்னும் கிடைக்கவில்லை. தகவல் சொல்வார்களாம்.

நாள் 9, திங்கள்

பை சலமாங்கா நிலையத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. காலையில் போய் வாங்கிக்கொண்டேன். நோட்டு பத்திரம்.

மதியம் ஆசிரியை எங்கள் ஆறு பேரையும் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். ஃப்ராய் லூயிஸ் தெ லெயோன் பாடம் நடத்திய அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். உள்ளே வரிசையாகப் பெஞ்சுகள். பெஞ்சு என்று சொல்வதே அதிகம், செதுக்கிய நீள உத்திரங்கள்தான். உட்கார ஒன்று, எழுத ஒன்று. சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. குனிந்து பார்த்தேன். மரத்தில் கத்தியால் கீறிய எழுத்துகள், கட்டங்கள், அரைகுறைப் பெயர்கள். விளிம்பெல்லாம் முழங்கை பட்டுப் பட்டு மழுங்கி, எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. எதிரே ஆசிரியருக்கு உயரமான மேடை.

ஃப்ராய் லூயிஸ் துறவி, கவிஞர், இறையியல் ஆசிரியர். பைபிளில் ஒரு பகுதியை மக்கள் மொழியில் மொழிபெயர்த்தார், லத்தீன் பைபிளைவிட எபிரேய மூலத்தை உயர்த்திப் பேசினார் என்றெல்லாம் குற்றம் சாட்டி, 1572 மார்ச்சில் மதவிசாரணை மன்றம் அவரைப் பிடித்து வய்யதோலித்தில் சிறை வைத்தது. 1576 டிசம்பரில்தான் விடுதலை. ஏறத்தாழ ஐந்து வருஷம். திரும்பி வந்து வகுப்பில் ஏறியதும் என்ன சொன்னார் என்பதை இந்த ஊர் வழிவழியாகச் சொல்லி வருகிறது. லத்தீனில் சொன்னதாகக் கதை. ஸ்பானிஷில் எல்லோர் வாயிலும் இருப்பது இரண்டே சொல்: "தெஸியாமோஸ் அயேர்..."

ஆசிரியை அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். அயேர் என்றால் நேற்று. அயேர் வந்தால் இந்தெஃபினீதோ போடுங்கள் என்று இவர்தானே பலகையில் எழுதினார்? இந்தெஃபினீதோ என்றால் 'திஹிமோஸ்' என்று வர வேண்டும். நேற்றுச் சொன்னோம். அவர் சொன்னது தெஸியாமோஸ். நேற்றுச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெஞ்சில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். 'நேற்றுச் சொன்னோம்' என்றால் பாடம் முடிந்தது, நடுவில் ஏதோ நடந்தது, இப்போது புதிதாகத் தொடங்குகிறோம் என்று ஆகிவிடும். 'சொல்லிக்கொண்டிருந்தோம்' என்றால் வாக்கியம் பாதியில் நிற்கிறது, இதோ மீதி. ஐந்து வருஷச் சிறையை வினையின் ஒரு விகுதியால் இல்லாமல் ஆக்கியிருக்கிறார். விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறவர்கள் தமிழிலும் இப்படித்தான் சொல்வார்கள்: "எங்கே விட்டேன்? ஆங், சொல்லிக்கொண்டிருந்தேனா..."

குறிப்புச் சொற்களை நம்பிக் காலத்தைத் தீர்மானிக்காதீர்கள், சொல்கிறவர் அந்தச் செயலுக்குள்ளே நிற்கிறாரா, வெளியே நின்று பார்க்கிறாரா என்று பாருங்கள் என்றார் ஆசிரியை. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காது.

நாள் 11, புதன்

தமிழ் கைகொடுக்காத இடமும் வந்துவிட்டது. நம்முடைய 'இருந்தது' ஒரே சொல். இங்கே அதற்கு எரா, எஸ்தாபா, ஃபுவே, எஸ்தூபோ என்று நான்கு. 'சாப்பாடு நன்றாக இருந்தது', 'வீடு பெரிதாக இருந்தது', 'கதவு திறந்திருந்தது', 'விருந்து நன்றாக இருந்தது' எல்லாம் வேறு வேறு. விருந்து முழுக்க முடிந்த பிறகு மொத்தமாக மதிப்புப் போட்டால் ஃபுவே. வீட்டின் தோற்றத்தைச் சொன்னால் எரா. இன்று இருபது வாக்கியத்தில் ஒன்பது தப்பு. தமிழில் சோதித்தால் எல்லாம் 'இருந்தது' என்றே வந்து நிற்கிறது. இதற்குக் குறுக்குவழி இல்லை, கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

நாள் 13, வெள்ளி

வகுப்பு இன்றோடு முடிந்தது. அக்டோபர் 31 இந்த ஊருக்கு முக்கியமான நாள். கதீட்ரல் வாசலில் ஊரே கூடி அண்ணாந்து நின்றது. மரிகேலோ என்று அழைக்கப்படுபவர், சார்ரோ என்ற இந்த வட்டாரத்து உடையில், குழலும் சிறு முரசுமாகக் கோபுரத்தின் மேலே ஏறுகிறார். மணிகள் தொங்கும் தட்டுக்கும் மேலே போய் வாசிக்கிறார். கீழே நிற்கிறவர்களுக்கு உள்ளங்கால் கூசுகிறது.

காரணம் 1755. நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள் காலையில் லிஸ்பனை அழித்த நிலநடுக்கம் இங்கேயும் உலுக்கியது. கோயில் நிறையக் கூட்டம். பூசையில் இருந்தார்கள், எஸ்தாபான் என் மீஸா. தரை நடுங்கியது, தெம்ப்லோ லா தியெர்ரா. கோபுரம் தாங்கியது. பிற்பாடு அதன் அடியைச் சுற்றிக் கல்கட்டிப் பலப்படுத்தியிருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். நன்றி சொல்லவும், கோபுரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் வருஷா வருஷம் ஒருவர் ஏறுவார். இடையில் நின்றுபோன வழக்கம் 1985-ல் மீண்டும் தொடங்கியது.

பக்கத்தில் ஒரு பெரியவர் தன் பேரனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் கேட்டேன். ஏறுவார்கள் என்பதற்கு சுபீயான். அப்புறம் ஒரு வருஷத்தோடு நின்றுபோனது, தெஹாரோன். திரும்ப வந்தது, போல்பியோ. ஒவ்வொரு வினையும் சரியான இடத்தில் வந்து விழுவது காதில் விழுந்தது. மொழிபெயர்க்காமல் கேட்டேன்.

நாள் 14, சனி

நவம்பர் 1. வீட்டு அம்மா கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினார், நானும் வரட்டுமா என்று கேட்டேன். ஒரு வாளி, இரண்டு பழந்துணி, வெள்ளைச் செவ்வந்திக் கொத்து. வழியெல்லாம் செவ்வந்தியோடு போகிறவர்கள்தான்.

அவருடைய கணவர் வியாமயோர் கல் வேலை செய்தவர். பழைய கட்டடங்களில் உதிர்ந்துபோன இடங்களுக்கு மாற்றுக் கல் செதுக்குவாராம். ஈரக் கல்லில்தான் உளி இறங்கும், அதனால் வேலை செய்கிற கல்மேல் எப்போதும் நனைந்த சாக்கு கிடக்கும் என்றார். குளிர்காலத்தில் அவருடைய விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். எல்லாவற்றையும் இம்பெர்ஃபெக்தோவில் சொல்லிக்கொண்டே போனார். த்ரபஹாபா, மொஹாபா, சங்க்ராபா. நான் துணியைப் பிழிந்து கொடுத்தேன், அந்த அம்மா கல்லறையில் பெயர் செதுக்கிய பள்ளங்களுக்குள் விரலை விட்டுத் துடைத்தார்.

"கந்தாபா" என்றார். பாடுவார். சுருதியே சேராது. ஆனாலும் காலையில் எழுந்ததும் பாடுவார், உளி பிடிக்கும்போது பாடுவார், சாப்பிடும்போது மட்டும்தான் வாய் ஓயும்.

துணியை வாளியில் போட்டு அலசினார்.

"உன் மார்தெஸ், நோ கந்தோ."

ஒரு செவ்வாய்க்கிழமை, பாடவில்லை.

அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கேட்கவும் தேவையில்லை. செவ்வந்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம். திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், தரை ஈரமாக இருந்தது.

"ஈ து அபுவேலோ, கந்தாபா?" உன் தாத்தா, அவர் பாடுவாரா?

கந்தாபா என்றேன். கடை ரேடியோவில் இலங்கை வானொலி ஓடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோட்டம் பார்த்துக்கொண்டே கூடவே பாடுவார்.